கொடைக்கானல் போறீங்களா? மலை ஏறுமுன் இதை படிச்சுட்டு போங்க!

இ-பாஸ் முதல் குணா குகை வரை

"லீவு கிடைச்சாச்சு. வண்டியை எடு. கொடைக்கானலுக்கு விடு!"

இப்படி நினைத்த மாத்திரத்தில் கிளம்பிய காலம் மலையேறி போய்விட்டது. சொந்த காரிலோ, வாடகை வேனிலோ கொடைக்கானல் போகிறவர்கள் இப்போது கையில் சீட்டு வைத்திருக்க வேண்டும். அந்த சீட்டுக்கு பெயர் இ-பாஸ்.

2024-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி இந்த முறை அமலுக்கு வந்தது. சென்னை ஐகோர்ட்டு போட்ட உத்தரவு அது. நீலகிரிக்கும் அதே நாளில்தான் வந்தது. ஒரு மலை எவ்வளவு வண்டிகளை தாங்கும் என்று கணக்கு பார்க்கும் வேலை சென்னை ஐ.ஐ.டி.க்கும், பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் போயிற்று.

2025-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள். கொடைக்கானலுக்கு சாதாரண நாட்களில் 4 ஆயிரம் வண்டிகள். சனி, ஞாயிறுகளில் 6 ஆயிரம் வண்டிகள். அதற்கு மேல் பாஸ் கிடையாது என்றார்கள். இந்த எண்ணிக்கையை அவ்வப்போது மாற்றுவார்கள். ஆகையால் கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை விசாரித்து கொள்வது நல்லது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

ஒரு சின்ன கணக்கு போட்டால் விளங்கிவிடும். 2011-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகரின் மக்கள் தொகை 36 ஆயிரத்து 501. சனிக்கிழமை 6 ஆயிரம் வண்டிகள் ஏறுகின்றன. வண்டிக்கு 4 பேர் என்று வைத்தாலே 24 ஆயிரம் பேர். ஊரில் இருப்பது ஒரே ஏரி. நகருக்குள் நுழைய ஒரே வழி. மலை சாலையை நினைத்தபடி அகலப்படுத்தவும் முடியாது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பாதாளம்!

அதனால்தான் குடும்பத்தோடு மலை பார்க்க போனவர்கள் முன்னால் நிற்கும் வேனின் முதுகையே பார்த்துவிட்டு திரும்புகிறார்கள்.

நியூசிலாந்து

சாகச பயணத்துக்கு பேர் போன தீவு நாடு நியூசிலாந்து. அங்கே மில்போர்டு டிராக் என்று ஒரு மலைப்பாதை உண்டு. உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் நடக்க வருகிறார்கள். ஆனால் சீசனில் வழிகாட்டி இல்லாமல் சொந்தமாக நடக்க வருகிறவர்களில் நாளைக்கு 40 பேருக்குத்தான் அனுமதி. மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு காத்திருக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதோடு பார்த்தால் கொடைக்கானல் ரொம்ப தாராளம். இ-பாசுக்கு காசும் கிடையாது. செல்போனில் பெயர், வண்டி நம்பர், வரும் தேதி, தங்கும் இடம் இவற்றை பதிந்தால் வந்துவிடும்.

அரசு பஸ்சில் போகிறவர்களுக்கு இதுவும் வேண்டாம். டிக்கெட் எடுத்தால் போதும். உள்ளூர் மக்களுக்கும், அத்தியாவசிய பொருள் ஏற்றி வரும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு.

இன்னொரு சேதி. 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள பெரிய பஸ்களுக்கும், லாரிகளுக்கும் 2024 நவம்பரில் மலைச்சாலையில் தடை போட்டார்கள். தெருவே சேர்ந்து பெரிய சொகுசு பஸ் பிடித்து போகலாம் என்று சீட்டு பிடிக்கிறவர்கள் முதலில் பஸ்சின் நீளத்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் பாட்டிலும் வில்லங்கம்தான். 5 லிட்டருக்கு குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் தடை. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போனால் தொல்லை இல்லை.

நாற்காலியில் தூக்கி போன காலம்

இப்போது நாலு மணி நேரம் வண்டி நின்றாலே நொந்து போகிறோம். அந்த காலத்தில் கொடைக்கானல் போவது என்றால் சாமானிய காரியமா?

1845-ம் ஆண்டில் மதுரையில் இருந்த அமெரிக்க பாதிரிமார்கள் இங்கே முதல் வீடுகளை கட்டினார்கள். சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து ஓடி வந்தவர்கள் அவர்கள். அப்போது ரோடு ஏது? பெரியகுளம் பக்கத்தில் மலையடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் கால் நடை. நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்கார வைத்து கூலியாட்கள் தூக்கி போவார்கள். 20-ம் நூற்றாண்டு பிறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் வண்டி ஏறும் சாலை வந்தது.

இன்று படகு விடும் ஏரி இயற்கையாக வந்ததல்ல. 1863-ம் ஆண்டில் மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் ஓடையை மறித்து உண்டாக்கியது. அந்த ஏரியில் நிரம்பி வழியும் தண்ணீர்தான் சாலையோரத்தில் வெள்ளி அருவியாக 180 அடி உயரத்தில் இருந்து விழுகிறது. ஏரியில் எறிகிற குப்பை எங்கே போகும் என்பதை இதிலிருந்தே புரிந்து கொள்ளலாம்.

எந்த வழி?

மலைக்கு 3 வழிகள் உண்டு.

முதல் வழி வத்தலக்குண்டு வழி. சென்னை, மதுரை, திருச்சிக்காரர்கள் போவது இதில்தான். வழியில் டம்டம் பாறை. அங்கே நின்று பார்த்தால் எதிர் மலையில் வெள்ளை கோடு கிழித்தது போல தலையாறு அருவி தெரியும். 975 அடி உயரம். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி இது. ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி, செண்பகனூர் தாண்டினால் கொடைக்கானல்.

இரண்டாவது பழனி வழி. 64 கிலோ மீட்டர். கோவை, திருப்பூர், பொள்ளாச்சிக்காரர்களுக்கு தோதான வழி. பழனி முருகனை கும்பிட்டுவிட்டு அப்படியே ஏறிவிடலாம். பெருமாள்மலையில் வந்து முதல் சாலையோடு சேரும்.

மூன்றாவது தாண்டிக்குடி வழி. வத்தலக்குண்டில் இருந்து சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று சுற்றி ஊத்துக்கு வரும். நேரம் கூட ஆகும். ஆனால் வழியெல்லாம் காப்பி தோட்டம், மிளகு கொடி, மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு பேர் வாங்கி கொடுத்த விருப்பாச்சி வாழை விளைவது இந்த கீழ் மலைகளில்தான்.

ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது ஒரு வழி என்று திட்டம் போட்டால் ஒரே செலவில் இரண்டு மலை பார்த்த மாதிரி!

ரெயிலில் வருகிறவர்கள் கொடைக்கானல் ரோடு என்று பெயர் பலகையை பார்த்துவிட்டு, "ஊர் வந்துடுச்சு" என்று நினைத்துவிட கூடாது. அது அம்மையநாயக்கனூரில் இருக்கும் ஸ்டேஷன். அங்கிருந்து மலைக்கு இன்னும் 80 கிலோ மீட்டர் போக வேண்டும். பழனி ஸ்டேஷனில் இறங்கினால் 64 கிலோ மீட்டர். மதுரையில் இறங்குகிறவர்கள் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு போனால் கொடைக்கானல் பஸ் கிடைக்கும்.

கொடைக்கானலில் இருந்து பேரிஜம் ஏரி வழியாக மூணாறுக்கு குறுக்கு ரோடு இருப்பதாக பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இருந்தது உண்மை. காடு வழியாக போன அந்த ரோடு பொது போக்குவரத்துக்கு மூடப்பட்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூணாறும் சேர்த்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மலை இறங்கி, தேனி, போடி வழியாகத்தான் மறு மலை ஏற வேண்டும். அதற்கு ஒரு பகல் பொழுதை தனியாக ஒதுக்க வேண்டும்.

எமனாகும் நியூட்ரல்

மலைப்பாதை விபத்துகளில் பெரும்பாலானவை ஏறும்போது நடப்பதில்லை. இறங்கும்போதுதான்!

சமவெளியில் ஓட்டி பழகியவர் இறக்கத்தில் என்ன செய்கிறார்? டாப் கியரில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார். சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் பிரேக் கட்டை சூடேறுகிறது. தீய்ந்த வாடை அடிக்கிறது. அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

மலை டிரைவர்கள் ஒரே ஒரு சூத்திரம் சொல்வார்கள். "எந்த கியரில் ஏறினியோ, அதே கியரில் இறங்கு." என்ஜினே வண்டியை இழுத்து பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும் இறக்கத்துக்கு உரிய குறைந்த கியர் எது என்று தெரிந்து கொண்டுதான் மலை ஏற வேண்டும்.

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டம். வளைவில் ஆரன் அடிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் முந்தக்கூடாது. இருட்டியபின் மூடுபனி இறங்கும். பத்தடி தூரம் தெரியாது. ஆகையால் மாலை 5 மணிக்குள் மேலே சேருகிற மாதிரி கிளம்புவதே புத்திசாலித்தனம்.

வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வரலாம். வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினால், போனது அப்படியே திரும்பி வரும்.

எப்போது போவது?

ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள் சீசன். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர் கண்காட்சி நடக்கும். கூட்டம், அறை வாடகை இரண்டும் உச்சத்தில் இருக்கும்.

அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வட கிழக்கு பருவ மழை. அருவிகள் கொட்டும். கூடவே மரம் சாயும், மண் சரியும், சாலை அடைபடும். வானிலை அறிவிப்பை கேட்காமல் கிளம்ப கூடாது.

டிசம்பர், ஜனவரி கடுங்குளிர். சில நாள் விடியற்காலையில் புல் மீது உறைபனி படர்ந்திருக்கும். குழந்தைகளையும், வயதானவர்களையும் அழைத்து போகிறவர்கள் கம்பளியோடு போக வேண்டும். ஊர் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரை கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

செப்டம்பரில் வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு. அதிலும் செவ்வாய், புதன் மாதிரி வார நடுவில் போனால் அரை மணி நேரத்தில் பார்க்க வேண்டியதை அரை மணி நேரத்திலேயே பார்க்கலாம்.

மூன்று நாள் திட்டம்

ஒரே நாளில் 12 இடம் பார்க்க வேண்டும் என்று ஓடுகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. இரண்டு இரவு, மூன்று பகல் இருந்தால் நிதானமாக பார்க்கலாம்.

முதல் நாள்: ஏரியை சுற்றி நடை. சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோ மீட்டர். பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா. 1872-ம் ஆண்டில் வெட்டிய கோக்கர்ஸ் வாக் நடைபாதையும் நடந்து போகிற தூரம்தான். காரை விடுதியிலேயே விட்டுவிடலாம்.

இரண்டாம் நாள்: விடிந்ததும் தூண் பாறை. சுமார் 400 அடி உயரத்துக்கு நிற்கும் பாறைகள். பகல் ஏற ஏற மேகம் வந்து மூடிவிடும். காலையில் போனவர்களுக்கே தரிசனம். பிறகு 1901-ம் ஆண்டில் தொடங்கி சூரியனை ஆராய்ந்து வரும் வானிலை கூடம் இருக்கும் பக்கம். சூரிய கரும்புள்ளிகளில் வாயு ஓடுவதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். அப்படியே குறிஞ்சி ஆண்டவர் கோவில். அங்கிருந்து பார்த்தால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் பழனி மலை தெரியும்.

மூன்றாம் நாள்: மேல் மலை. சுமார் 20 கிலோ மீட்டரில் பூம்பாறை. படிக்கட்டு வயல்களுக்கு நடுவே ஊர். குழந்தை வேலப்பர் கோவில் இங்கேதான் இருக்கிறது. இந்த மலையில் விளையும் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னும் போனால் மன்னவனூர். மத்திய அரசின் செம்மறி ஆட்டு பண்ணையும், புல்வெளியும் பார்த்துவிட்டு திரும்பலாம்.

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். நாளைக்கு இத்தனை வண்டி என்று அளவு வைத்துத்தான் விடுவார்கள். யானை வந்தால் அதுவும் கிடையாது. "காசு தர்றோம், விடுங்க" என்று வாதாடி பயனில்லை. பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கும் தண்ணீர் அந்த ஏரியில் இருந்துதான் போகிறது.

உயிரை வாங்கும் ஒரு நிமிடம்

கொடைக்கானலில் இருந்து சோக செய்தி வராத சீசன் இல்லை. விசாரித்து பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கதைதான். தடுப்பு கம்பியை தாண்டினார். செல்பி எடுத்தார். வழுக்கினார்.

டால்பின் மூக்கு பாறை அப்படிப்பட்ட இடம். நுனியில் நின்று படம் பிடித்தால்தான் ஊர் மெச்சும் என்று நினைக்கிறார்கள். கீழே பல ஆயிரம் அடி பள்ளம். பாறை மேல் பனி ஈரம் இருந்தால் செருப்பு நிற்காது.

குணா குகை இன்னொன்று. வெள்ளைக்காரர்கள் "பிசாசின் சமையலறை" என்று பெயர் வைத்த இடம். 1991-ல் வந்த கமலஹாசனின் "குணா" படத்துக்கு பிறகு பெயரே மாறிவிட்டது. பாறைகளுக்கு நடுவே அடி தெரியாத வெடிப்புகள். விழுந்து இறந்தவர்கள் பலர். 2006-ம் ஆண்டில் கேரளாவில் இருந்து வந்த வாலிபர் ஒருவர் உள்ளே விழுந்தார். நண்பர் கயிறு கட்டி இறங்கி அவரை உயிரோடு மீட்டார். 2024-ல் வந்த "மஞ்ஞும்மல் பாய்ஸ்" மலையாள படம் அந்த கதைதான். படம் ஓடியது. குணா குகைக்கு கூட்டம் திரண்டது. வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் மட்டும் அது காட்சி. உள்ளே போனால் எல்லோருக்கும் அப்படி ஒரு நண்பர் வாய்ப்பாரா?

அருவிகளிலும் எச்சரிக்கை வேண்டும். மேலே மழை பெய்வது கீழே குளிக்கிறவருக்கு தெரியாது. பெரியகுளம் அருகே உள்ள கும்பக்கரை அருவியில் இப்படித்தான் திடீர் திடீர் என்று வெள்ளம் வரும். வனத்துறை விசில் ஊதினால் உடனே கரையேறிவிட வேண்டும்.

ஊருக்குள்ளே காட்டு மாடு நடமாடும். பசு மாதிரி சாதுவாக நிற்கும். கிட்டே போய் படம் எடுத்தால் முட்டி தள்ளிவிடும். காளான் விற்க வருகிறவரிடமும் தள்ளி நிற்பது நல்லது. அது போதை காளான். வாங்கினவருக்கும் கம்பி எண்ணும் வேலைதான் மிச்சம்.

குரங்கணி தந்த பாடம்

காட்டுக்குள் நடக்க ஆசைப்படும் இளைஞர்கள் மறக்க கூடாத தேதி ஒன்று உண்டு. 2018 மார்ச் 11.

தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போன குழு காட்டுத்தீயில் சிக்கியது. பெரும்பாலும் இளம் வயதினர். பெண்கள் அதிகம். காய்ந்த புல் பற்றி எரிந்தது. ஓட வழி தெரியவில்லை. 20-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். தமிழ்நாடே கண் கலங்கியது.

அதன் பிறகுதான் மலை ஏற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை தேர்ந்தெடுத்து, பதிவு செய்தவர்களை மட்டும் வழிகாட்டியோடு அழைத்து போகும் திட்டமும் வந்தது. வழிகாட்டிகள் உள்ளூர் மலை மக்கள். தீ பிடிக்கும் பருவமான பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

அந்த 40 பாதைகளில் வட்டக்கானல் - வெள்ளகவி பாதையும் ஒன்று. நெடுங்காலமாக சாலையே இல்லாமல் இருந்த மலை கிராமம் வெள்ளகவி. ஊருக்குள் செருப்பு போட மாட்டார்கள். அந்த காலத்தில் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானல் ஏறியவர்கள் நடந்த மலைப்பாதை இதன் வழியாகத்தான் போகிறது. ஊருக்குள் நுழையும்போது வெளியூர்க்காரர்களும் செருப்பை கழற்றத்தான் வேண்டும்.

அனுமதி இல்லாத பாதையில் "நான் கூட்டிட்டு போறேன் சார்" என்று யாராவது கூப்பிட்டால் போக கூடாது. சரிவிலும் ஆற்றோரத்திலும் போட்டிருக்கும் அனுமதி இல்லாத கூடாரத்தில் தங்குவதும் அப்படித்தான். எந்த விடுதியானாலும் முன்பணம் அனுப்பும் முன்பு, அப்படி ஒரு விடுதி உண்மையிலேயே இருக்கிறதா என்று போனில் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மலையில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு திரும்புவோம் என்று விடுதியிலோ, ஊரில் உள்ள சொந்தக்காரரிடமோ சொல்லிவிட்டு போக வேண்டும். அந்த ஒரு வார்த்தை போதும், தேட வருகிறவர்கள் சரியான திசையில் வருவார்கள்.

2030-ல் என்ன ஆகும்?

12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி 2018-ல் இந்த மலைகளில் பூத்தது. அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். மலை நீல நிறமாகும். அதை பார்க்க வரும் கூட்டம் இன்றைய கூட்டத்தைவிட பல மடங்கு இருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

இப்போதே சனிக்கிழமைகளில் மலை மூச்சு திணறுகிறது. பாஸ் எடுப்பதும், வார நடுவில் போவதும், பஸ்சில் போவதும் பயணிகளுக்கு மட்டும் வசதியல்ல. அவசரத்துக்கு கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டிய மேல் மலை கர்ப்பிணி பெண்ணுக்கும் அதே சாலைதான். பூண்டு மூட்டை ஏற்றி வரும் விவசாயிக்கும் அதே சாலைதான்.

குறிஞ்சிக்கு போக நினைக்கிறவர்கள் எந்த கிழமை, எந்த பஸ் என்பதை அப்போது பார்த்துக்கலாம் என்று விடாமல் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது நல்லது.